டாக்டருக்குப் பதில் நர்ஸ் பிராக்டிஷனர் வந்தால்: அமெரிக்க மருத்துவம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவுக்கு வந்த நம்மவர்கள் முதன்முறை கிளினிக்குக்குப் போய் வந்ததும் சொல்கிற குறை பெரும்பாலும் ஒன்றுதான்: “டாக்டர் வரவே இல்லை, யாரோ ஒரு நர்ஸ் பார்த்து அனுப்பிவிட்டார்.” அந்த “யாரோ” அநேகமாக நர்ஸ் பிராக்டிஷனராகவோ பிஸிஷியன் அசிஸ்டென்டாகவோ இருந்திருப்பார். பிள்ளைகளைப் பார்க்க வந்த பெற்றோர், புதிதாகக் குடியேறியவர்கள், நர்சிங் படித்துவிட்டு இங்கே வர நினைப்பவர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் கீழே. சுருக்கமாக என்.பி., பி.ஏ. என்றே குறிப்பிடுகிறேன்.

என்.பி. என்பவர் நர்ஸ்தானே? அவர் எப்படி நோயைக் கண்டுபிடித்து மருந்து எழுதுகிறார்?

நர்ஸ்தான். ஆனால் நர்சிங் பட்டமும் உரிமமும் பெற்ற பிறகு, முதுநிலைப் பட்டமோ முனைவர் பட்டமோ படித்து, தேசிய அளவிலான தேர்வில் தேறி, தனி உரிமம் வாங்கியவர். உடலைப் பரிசோதிப்பது, ரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் எழுதிக்கொடுப்பது, நோயை முடிவுசெய்வது, மருந்து தொடங்குவது, நிறுத்துவது எல்லாம் அவருடைய வேலை. நாடு முழுவதும் ஏறக்குறைய நான்கு லட்சம் பேர் இருக்கிறார்கள்.

பி.ஏ. என்றால்?

நர்சிங் வழியாக வராதவர். ஏதாவது ஒரு பட்டம் முடித்து, நோயாளிகளோடு வேலை செய்த அனுபவத்தையும் சேர்த்துக்கொண்டு, பெரும்பாலும் 27 மாதம் நடக்கும் முதுநிலைப் படிப்பில் சேர்கிறார். மருத்துவக் கல்லூரிப் பாடத்தைச் சுருக்கி வேகமாகச் சொல்லிக்கொடுப்பது போன்ற படிப்பு அது. செய்யும் வேலை என்.பி.யின் வேலையைப் போன்றதுதான்.

அப்படியானால் இருவருக்கும் என்ன வேறுபாடு?

அறையில் உட்கார்ந்திருக்கும் நோயாளிக்குப் பெரிய வேறுபாடு தெரியாது. உள்ளே இருக்கிறது. என்.பி. படிக்கும்போதே யாரைப் பார்க்கப் போகிறோம் என்று தேர்ந்தெடுத்துவிடுகிறார்: குடும்ப மருத்துவம், குழந்தைகள், பச்சிளங்குழந்தைகள், மகளிர் நலம், மனநலம், முதியோர் என்று. அந்த வட்டத்துக்குள்தான் அவருடைய உரிமம். குழந்தைகளுக்கான என்.பி. உங்கள் அப்பாவுக்கு மருந்து எழுத முடியாது. பி.ஏ. பொதுவாகப் படிக்கிறார், இன்று எலும்பு முறிவுப் பிரிவில் இருப்பவர் அடுத்த ஆண்டு தோல் மருத்துவத்துக்கு மாறலாம். இது அவருக்கு வசதி. நோயாளிக்கு வசதியா என்பது அவர் அங்கே எவ்வளவு காலமாக இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. “இந்தத் துறையில் எத்தனை வருடமாக இருக்கிறீர்கள்?” என்று கேட்பதில் தவறே இல்லை.

முதலில் வந்து எடையும் ரத்த அழுத்தமும் பார்த்தவர் யார்?

அவர் மெடிக்கல் அசிஸ்டென்ட். என்.பி.யும் அல்ல, பி.ஏ.வும் அல்ல. குறுகிய காலப் பயிற்சி பெற்றவர். நோய் பற்றி முடிவெடுக்கும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. பெயரில் “அசிஸ்டென்ட்” இருப்பதால் பி.ஏ.வையும் இவரையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள். சட்டையில் தொங்கும் அட்டையைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் உங்கள் மருந்துப் பட்டியலைக் கணினியில் ஏற்றுபவர் பெரும்பாலும் இவர்தான். அதனால் இவரிடமும் நிதானமாகப் பேசுங்கள்.

டாக்டரோடு ஒப்பிட்டால் இவர்களின் படிப்பு எவ்வளவு?

குறைவுதான், அதை மழுப்ப வேண்டியதில்லை. பி.ஏ. படிப்பில் நோயாளிகளிடம் நேரடிப் பயிற்சி சுமார் 2,000 மணி நேரம். என்.பி. படிப்புக்கு 2022இல் வந்த தேசியத் தரநிலை கேட்பது குறைந்தது 750 மணி நேரம். அதற்கு முன் 500 போதும் என்று இருந்தது. இங்கே ஒருவர் டாக்டராக, பட்டப்படிப்பு 4 ஆண்டு, மருத்துவக் கல்லூரி 4 ஆண்டு, அதன்பின் ரெசிடென்சி என்ற மருத்துவமனைப் பயிற்சி 3 முதல் 7 ஆண்டு. அவருடைய பயிற்சி மணிக்கணக்கு பத்தாயிரத்தைத் தாண்டிவிடும்.

என்.பி.க்கு ஆதரவாகச் சொல்லப்படுவது, அவர் அதற்கு முன்பே நர்ஸாகப் பல வருடம் வார்டில் நின்றவர் என்பது. பலருக்கு அது உண்மை. பத்து வருடம் தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவுப் பணி பார்த்த நர்ஸுக்கு, நோயாளி மோசமாகப் போகிறார் என்பது மானிட்டர் சொல்வதற்கு முன்பே தெரிந்துவிடும். ஆனால் வேறு பட்டம் முடித்துவிட்டு, நர்ஸாக அதிகம் வேலை பார்க்காமலேயே நேராக என்.பி. ஆக வழிசெய்யும் படிப்புகளும் இப்போது இருக்கின்றன. இரண்டு பேருக்கும் அட்டையில் ஒரே எழுத்துகள்தான்.

இப்படியொரு பணி எப்படி உருவானது?

இரண்டும் 1965இல், இரண்டு வெவ்வேறு ஊர்களில் தொடங்கின. கொலராடோவில் லொரெட்டா ஃபோர்டு என்ற பொதுச் சுகாதார நர்ஸும், ஹென்றி சில்வர் என்ற குழந்தைகள் மருத்துவரும் சேர்ந்து முதல் என்.பி. பயிற்சியைத் தொடங்கினார்கள். கிராமப்புறக் குழந்தைகளுக்கு மருத்துவர் எட்டாத தூரத்தில் இருந்தார். நர்ஸ் பக்கத்திலேயே இருந்தார். அதே ஆண்டில் வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் யூஜின் ஸ்டெட், கடற்படையில் மருத்துவ உதவியாளர்களாக இருந்து திரும்பிய நான்கு பேரை வைத்து பி.ஏ. படிப்பைத் தொடங்கினார். போர்க்கப்பலில் காயம் தைத்து, காய்ச்சல் பார்த்துப் பழகியவர்களுக்கு ஊர் திரும்பியதும் அந்தத் திறமைக்கேற்ற வேலை இல்லை. நால்வரில் மூவர் 1967இல் பட்டம் பெற்றார்கள். முதியோருக்கான மெடிகேரும் ஏழைகளுக்கான மெடிகெய்டும் சட்டமானதும் 1965இல்தான். நோயாளிகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது, டாக்டர்களோ சிறப்புத் துறைகளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

இவர்கள் எழுதும் மருந்துச்சீட்டு செல்லுமா?

செல்லும். எல்லா மாநிலங்களிலும் இருவரும் மருந்து எழுதலாம். போதை தரக்கூடிய கடுமையான வலி மருந்துகளுக்கு மட்டும் சில மாநிலங்கள் கூடுதல் வரம்பு வைத்திருக்கின்றன.

பின்னால் ஒரு டாக்டர் இருக்கிறாரா, இல்லையா?

மாநிலத்தைப் பொறுத்தது. ஓரிகன், வாஷிங்டன், அரிசோனா போன்ற மாநிலங்களில் என்.பி. தனியாகவே கிளினிக் நடத்தலாம். டாக்டரோடு ஒப்பந்தம் தேவையில்லை. இப்படி முழு உரிமை தரும் மாநிலங்கள் இப்போது பாதிக்கும் மேல். டெக்சாஸில் டாக்டர் ஒருவர் எழுத்தில் அதிகாரம் கொடுத்திருக்க வேண்டும். படைவீரர் நலத்துறையின் மருத்துவமனைகளோ, மாநிலச் சட்டம் எப்படி இருந்தாலும் 2016 முதல் என்.பி.க்களுக்கு முழு உரிமை கொடுத்திருக்கின்றன. பி.ஏ.க்கள் பெரும்பாலான இடங்களில் இன்னும் டாக்டரோடு இணைந்துதான் வேலை செய்கிறார்கள்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. மேற்பார்வை என்று சட்டம் சொல்வதும், நடைமுறையில் நடப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. மேற்பார்வையிடும் டாக்டர் வேறு ஊரில் இருந்துகொண்டு, மாதம் ஒருமுறை சில கோப்புகளைப் புரட்டிக் கையெழுத்திடுவதும் மேற்பார்வைதான். சட்டப்படி எந்தத் தேவையும் இல்லாமல், பக்கத்து அறைக் கதவைத் தட்டி “இந்த ஈ.சி.ஜி.யைக் கொஞ்சம் பாருங்கள்” என்று கேட்கக்கூடிய கிளினிக்குகளும் இருக்கின்றன. நான் இரண்டாவது வகையைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

டாக்டர் அளவுக்கு நன்றாகப் பார்ப்பார்களா?

இதற்கு இரண்டு தரப்பும் ஆய்வுத் தாள்களை வீசிக்கொள்கின்றன. 2000இல் வெளியான ஓர் ஆய்வில், நியூயார்க்கில் 1,316 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரை என்.பி.யிடமும் மற்றவர்களை டாக்டரிடமும் அனுப்பினார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது சர்க்கரை, ஆஸ்துமா உள்ளவர்களின் உடல்நிலையில் இரண்டு பக்கமும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ரத்த அழுத்தம் உள்ளவர்களில் என்.பி.யிடம் போனவர்களுக்குக் கீழ் அளவு சற்றுக் குறைவாக இருந்தது. 2018இல் காக்ரேன் அமைப்பு இதுபோன்ற 18 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தும், அடிப்படை மருத்துவத்தில் நர்ஸ்கள் டாக்டர்களுக்குச் சமமாகவோ சற்று மேலாகவோ செய்கிறார்கள் என்றே முடிவுக்கு வந்தது.

மறுபக்கம், படைவீரர் மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளை டேவிட் சான், யிச்சுன் சென் என்ற இருவர் ஆராய்ந்து 2022இல் வெளியிட்டார்கள். என்.பி. பார்த்த நோயாளிகள் அங்கே தங்கிய நேரம் 11 சதவீதம் கூடுதல். தவிர்த்திருக்கக்கூடிய மருத்துவமனை அனுமதிகள் 30 நாளுக்குள் 20 சதவீதம் கூடுதல்.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் முரண்பாடு தெரியவில்லை. முன்பே பெயர் வைக்கப்பட்ட நோயை மாதாமாதம் பார்த்துச் சீர்படுத்துவது ஒரு வேலை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே வரும் ஒருவருக்கு என்ன நோய் என்று அரை மணி நேரத்தில் கண்டுபிடிப்பது வேறு வேலை. முதலாவதில் பொறுமையும் விடாமல் கேட்பதும் ஜெயிக்கின்றன, இரண்டாவதில் அரிய நோய்களை எத்தனை முறை கண்ணால் பார்த்திருக்கிறோம் என்பது. அதே 2022 ஆய்வில் இன்னொரு செய்தியும் இருக்கிறது, அதை யாரும் அதிகம் மேற்கோள் காட்டுவதில்லை: டாக்டர்களுக்குள்ளேயும் என்.பி.க்களுக்குள்ளேயும் இருக்கும் ஏற்றத்தாழ்வு, இரு தரப்பின் சராசரிகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டைவிடப் பெரியது. ஆகவே பட்டத்தை விசாரிப்பதைவிட நான் ஒரு கேள்வியை முக்கியமாக நினைக்கிறேன்: “உங்களுக்குச் சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பீர்கள், எவ்வளவு சீக்கிரம் பதில் கிடைக்கும்?” நல்ல என்.பி.யோ பி.ஏ.வோ இதற்குக் கோபப்பட மாட்டார், ஒரு பெயரைச் சொல்வார். தயங்கினால் யோசிக்கலாம்.

எதற்கெல்லாம் இவர்களே போதும்?

சளி, காய்ச்சல், தொண்டை வலி, சிறுநீர்த் தொற்று, தடுப்பூசி, வருடாந்திரப் பரிசோதனை, கட்டுக்குள் இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு. இவற்றுக்கு டாக்டருக்காக ஆறு வாரம் காத்திருப்பதில் பயனில்லை.

என் அம்மாவுக்கு இங்கே வந்திருந்தபோது இரண்டு கால்களும் வீங்கின. விமானப் பயணம், உப்பு, வயது என்று வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னோம். பார்த்தவர் ஒரு என்.பி. ஸ்டூலை இழுத்துப்போட்டுக் கீழே உட்கார்ந்து, முன்னங்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தார். குழி விழுந்தது, அது மெல்ல நிரம்புவதையே பார்த்துக்கொண்டிருந்தார். இதயத்தையும் நுரையீரலையும் கேட்டுவிட்டு, மாத்திரைப் பையைக் கேட்டார். ஆம்லோடிபின் அட்டையை எடுத்து, “இதன் அளவை எப்போது கூட்டினார்கள்?” என்றார். கிளம்புவதற்கு முந்தைய மாதம்தான் கூட்டியிருந்தார்கள். அந்த மாத்திரைக்குக் கால் வீக்கம் நன்கு அறியப்பட்ட பக்கவிளைவு. சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் பரிசோதனை எழுதிக்கொடுத்துவிட்டே மாத்திரையை மாற்றினார்.

எப்போது டாக்டரை வலியுறுத்திக் கேட்க வேண்டும்?

ஒரே தொல்லைக்கு மூன்றாவது முறை போயும் பெயர் சொல்ல முடியவில்லை என்றால். காரணமில்லாமல் எடை குறைந்தால். கொடுத்த மருந்து எதிர்பார்த்தபடி வேலை செய்யாமல், அடுத்தடுத்து மருந்து மட்டும் மாறிக்கொண்டே இருந்தால். ஐந்தாறு நோய்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தால். நெஞ்சு வலி, ஒரு பக்கம் மரத்துப்போதல், பேச்சுக் குழறல் போன்றவற்றுக்குக் கிளினிக்கே வேண்டாம், அவசர உதவி எண் 911தான்.

“எனக்கு டாக்டர்தான் வேண்டும்” என்று சொல்வது மரியாதைக் குறைவா?

இல்லை. அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். அறைக்குள் உட்கார்ந்தபின் சொன்னால் அன்றைக்கு ஆள் கிடைக்காமல் போகலாம். முதல் முறை டாக்டரைப் பார்த்துவிட்டு, தொடர் கவனிப்புக்கு என்.பி.யிடம் போவது பல குடும்பங்களுக்கு ஒத்துவருகிற ஏற்பாடு.

கட்டணம் குறையுமா?

உங்கள் கையிலிருந்து போகும் கோ-பே பெரும்பாலும் மாறாது. மெடிகேர், என்.பி. அல்லது பி.ஏ. தன் பெயரில் அனுப்பும் பில்லுக்கு டாக்டர் கட்டணத்தில் 85 சதவீதம் தருகிறது. சில நிபந்தனைகளோடு டாக்டரின் பெயரில் அனுப்பினால் முழுத் தொகையும் கிடைக்கும். அதனால்தான் பார்த்தவர் ஒருவராகவும் பில்லில் இருப்பவர் வேறொருவராகவும் சில சமயம் இருக்கும். எல்லாமே மோசடி என்று நினைத்துவிட வேண்டாம். ஆனால் யார் பார்த்தார் என்று குறித்துவைத்துக்கொள்வது நல்லது.

ஊரிலிருந்து வந்த பெற்றோரை அழைத்துப் போகிறோம். என்ன கொண்டுபோக வேண்டும்?

மாத்திரை அட்டைகளை அப்படியே கொண்டுபோங்கள். வெள்ளைத் தாளில் எழுதிய பட்டியல் போதாது, ஏனென்றால் நம் ஊர் வணிகப் பெயர்கள் இங்கே யாருக்கும் தெரியாது. அட்டையின் பின்னால் சிறிய எழுத்தில் இருக்கும் மூலப்பெயர்தான் தேவை. அதிலும் சிக்கல் உண்டு. பாராசிட்டமால் இங்கே அசிட்டமினோஃபென். ஆஸ்துமா பம்பில் இருக்கும் சால்பியூட்டமால் இங்கே ஆல்பியூட்டரால். சர்க்கரைக்கான கிளிபென்கிளமைடு இங்கே கிளைபுரைடு. தமிழ்நாட்டில் சர்வசாதாரணமாகத் தரப்படும் வில்டாகிளிப்டின், டெனிலிகிளிப்டின், கிளிக்லசைடு ஆகிய சர்க்கரை மாத்திரைகளும், மூட்டு வலிக்கான அசெக்ளோஃபெனாக்கும் அமெரிக்காவில் விற்பனையிலேயே இல்லை. அட்டையைப் பார்த்து என்.பி. விழித்தால் அவர் அரைகுறை என்று முடிவு கட்டாதீர்கள். டாக்டர் வந்தாலும் அதே விழிப்புதான், இருவரும் கணினியில் தேடித்தான் ஆக வேண்டும்.

கசாயம், சூரணம், லேகியம் எடுத்துக்கொண்டால் அதையும் சொல்ல வேண்டும். சில நாட்டு மருந்துகளில் ஈயம் போன்ற உலோகங்கள் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. “அதெல்லாம் மருந்தா?” என்று அம்மாக்கள் மறைத்துவிடுவார்கள். இன்னொன்று: பி.சி.ஜி. ஊசி போட்டவர்களுக்குக் காசநோய்த் தோல் பரிசோதனை தவறாக நேர்மறை காட்டக்கூடும். ஊசி போட்டிருக்கிறது என்று சொல்லி, ரத்தப் பரிசோதனை எடுக்கலாமா என்று கேளுங்கள்.

அப்பாவுக்கு ஆங்கிலம் வராது. பேத்தி மொழிபெயர்க்கலாமா?

வேண்டாம். அரசு நிதி பெறும் மருத்துவமனைகளும் கிளினிக்குகளும் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். பெரும்பாலும் தொலைபேசியிலோ திரையிலோ தமிழ் பேசுபவர் வருவார். பதின்மூன்று வயதுப் பேத்தியிடம் எந்தத் தாத்தா தன் சிறுநீர்த் தொல்லையைச் சொல்வார்? முன்பதிவு செய்யும்போதே “தமிழ்” என்று பதியச் சொல்லுங்கள். இலங்கைத் தமிழர் என்றால் அதையும் குறிப்பிடலாம்.

அறுவை சிகிச்சையிலும் இவர்கள் இருப்பார்களா?

நிறையவே. இதய பைபாஸ் அறுவையில், சர்ஜன் மார்பைத் திறந்துகொண்டிருக்கும் அதே நேரத்தில், காலிலிருந்து ரத்தக்குழாயை எடுத்துத் தயார் செய்பவர் பல மருத்துவமனைகளில் பி.ஏ.தான். அறுவைக்குப் பின் வார்டில் தினமும் வந்து தையலைப் பார்ப்பவரும் அவரே. குறைமாதக் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நள்ளிரவில் குழாய் பொருத்துபவர் அதற்கென்றே படித்த என்.பி.யாக இருக்கலாம்.

கனடா, பிரிட்டனில் எப்படி?

கனடாவின் எல்லா மாகாணங்களிலும் என்.பி.க்கள் உண்டு. ஒன்டாரியோவில் என்.பி.க்களே தலைமையேற்று நடத்தும் கிளினிக் 2007இல் சட்பரியில் தொடங்கியது. குடும்ப டாக்டர் கிடைக்காமல் தவிக்கும் டொரண்டோத் தமிழர்களுக்கு இந்தச் செய்தி பயன்படலாம். பிரிட்டனில் பி.ஏ.க்கள் மருந்து எழுத முடியாது. அங்கே இது பெரிய சர்ச்சையாகி, பேராசிரியர் ஜிலியன் லெங் தலைமையிலான ஆய்வறிக்கை 2025 ஜூலையில் வந்தது. என்ன நோயென்று இன்னும் தெரியாத நோயாளிகளை, தெளிவான வரையறை இல்லாமல் பி.ஏ.க்கள் முதலில் பார்க்கக் கூடாது என்றது அந்த அறிக்கை. எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

நம் ஊரில் இப்படி யாரும் இல்லையே?

இருந்தார்கள், இருக்கிறார்கள். எம்.பி.பி.எஸ். அல்லாமல் குறுகிய படிப்பு முடித்து வைத்தியம் பார்த்த, சென்னை மாகாணத்து எல்.எம்.பி. டாக்டர்களைத் தாத்தா பாட்டிகள் நினைவு வைத்திருப்பார்கள். 1946இல் சர் ஜோசப் போர் (Bhore) தலைமையிலான குழு ஒரே வகை டாக்டர் போதும் என்று பரிந்துரைத்தபின் அந்த வழி மூடப்பட்டது. இலங்கையில் கிராமத்து, தோட்டத்து மருந்தகங்களை, முழு டாக்டர் பட்டம் இல்லாத அப்போதிக்கரிமார் நடத்தினார்கள். பி.ஏ. படிப்பு இந்தியாவுக்கு வந்ததே சென்னை வழியாகத்தான்: 1992இல் டாக்டர் கே. எம். செரியன் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் தொடங்கினார். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வருபவர்களும் பெரும்பாலும் டாக்டர்கள் அல்லாத பணியாளர்கள்தான். தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 2019இல் சமூகச் சுகாதாரப் பணியாளருக்கு வரையறுக்கப்பட்ட உரிமம் தரலாம் என்றபோது டாக்டர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள்.

சென்னையில் பி.ஏ. படித்தவர் அமெரிக்காவில் அந்த வேலை பார்க்க முடியுமா?

நேரடியாக முடியாது. இங்குள்ள உரிமத் தேர்வை எழுத, அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்ட பி.ஏ. படிப்பை முடித்திருக்க வேண்டும். எம்.பி.பி.எஸ். முடித்தவருக்கும் இதே விதிதான், “டாக்டருக்குப் படித்தவர், பி.ஏ. ஆவது சுலபம்தானே” என்று சொல்லி முன்பணம் கேட்கும் ஏஜென்டுகளை நம்ப வேண்டாம்.

நர்ஸ்களுக்கு வழி திறந்திருக்கிறது. ஊரில் நர்சிங் முடித்தவர் சான்றிதழ்களை மதிப்பீடு செய்து, அமெரிக்க நர்ஸ் உரிமத்துக்கான என்கிளெக்ஸ் தேர்வை இந்தியாவிலேயே எழுதி, முதலில் நர்ஸாக வரலாம். வந்து சில வருடம் வேலை பார்த்தபின் என்.பி. முதுநிலைப் படிப்பில் சேரலாம். பணியாற்றும் மருத்துவமனையே கட்டணத்தில் ஒரு பகுதியைக் கொடுப்பதும் உண்டு. நர்சிங் டிப்ளமா மட்டும் இருந்தால், இடையில் பட்டப்படிப்பை முடிக்க வேண்டியிருக்கும். எந்த மாநிலத்தில் வேலை பார்க்கப் போகிறீர்களோ அந்த மாநில நர்சிங் வாரியத்தின் விதிகளை முதலில் படித்துவிட்டு, பிறகு கல்லூரிக்குப் பணம் கட்டுங்கள்.